கூந்தலைக் கொடுத்தது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். கதையைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான். "உங்கள் கதாநாயகிக்கு முழங்கால் வரை கூந்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். முந்நூறு பக்கத்தில் ஒரு தடவைகூட அவள் தலை வாரிக்கொள்ளவில்லையே! யார் சிக்கெடுக்கிறார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. கூந்தலை ஒரே வரியில் கொடுத்துவிட்டேன். சீப்பைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததால், கறுப்பினப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு நாவல்களை மறுபடி எடுத்தபோது, கூந்தல் வருகிற இடங்களில் நின்று நின்று படித்தேன். ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட 'தெய்ர் ஐஸ் வேர் வாட்சிங் காட்'. மற்றது, நைஜீரியாவில் பிறந்த சிமமாண்டா அடிச்சி 2013இல் வெளியிட்ட 'அமெரிக்கானா'.

ஹர்ஸ்டனின் கதாநாயகி ஜேனிக்கு இடுப்பு வரை பின்னல். அவளுடைய கணவன் ஜோ ஸ்டார்க்ஸ் ஊருக்கு மேயர்; கடையும் வைத்திருக்கிறான். கடையில் ஒருவன் ஜேனிக்குப் பின்னால் நின்று பின்னலின் நுனியைத் தொட்டு ரசிப்பதை ஜோ பார்த்துவிடுகிறான். அன்றிரவே, இனிமேல் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் கடைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. அவன் செத்த பிறகு ஜேனி அந்தத் துணிகளையெல்லாம் கொளுத்துகிறாள். கூந்தலை வைத்தே ஒரு விவாகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறார் ஹர்ஸ்டன். இது சாமானியத் திறமையல்ல.

ஆனால் அந்தக் கூந்தல் எங்கிருந்து வந்தது? ஜேனியின் பாட்டி ஓர் அடிமை. பாட்டியின் வெள்ளைக்கார எஜமானன்தான் ஜேனியின் தாயைப் பெற்றவன். பிறந்த குழந்தையின் சாம்பல் நிறக் கண்ணையும் மஞ்சள் மயிரையும் பார்த்துத்தான் எஜமானி வெறிகொண்டாள். அன்று தொட்டிலில் குற்றத்தின் சாட்சியாகக் கிடந்த ரத்தம், ஒரு தலைமுறை கழித்து, ஊரார் பொறாமைப்படும் அழகாகிவிடுகிறது. கதையில் வரும் டர்னர் அம்மாள் ஜேனியைச் சீராட்டுவதும் அந்த ரத்தத்துக்காகத்தான். அந்த அம்மாளை ஆசிரியை பரிகசிக்கிறார். ஆயினும் கூந்தல் மட்டும் செலவில்லாமலே வளர்கிறது. ஜேனி சதுப்பு நிலத்தில் அவரை பறிக்கிறாள், புயலில் சிக்குகிறாள். திரும்பி வரும்போதும் பின்னல் இடுப்பில் ஆடுகிறது. ஹர்ஸ்டனும் என் ஜாதிதான் என்று ஆறுதல் கொள்ளலாம்.

நீண்ட கூந்தல் பிறப்பில் வருவதா, பராமரிப்பில் வருவதா? விஞ்ஞானம் இரண்டுக்கும் பங்கு கொடுக்கிறது. ஆப்பிரிக்க வம்சத்தாரின் மயிர், வளைந்த வேரிலிருந்து, தட்டையான இழையாகச் சுருண்டு வருகிறது. அளந்து பார்த்ததில் அது ஆண்டுக்குச் சராசரி 9, 10 சென்டிமீட்டர் வளர்கிறது. ஐரோப்பியருக்கு 13, 14. இது பிறப்பின் பங்கு. ஆனால் சுருளின் ஒவ்வொரு திருப்பமும் முறியக்கூடிய இடம். மண்டையில் ஊறும் எண்ணெய் அந்தத் திருப்பங்களைக் கடந்து நுனிவரை போய்ச் சேருவதில்லை. ஆகவே வேரில் வளர்ந்துகொண்டே இருக்கும். நுனியில் ஒடிந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் வளரவில்லை என்பார்கள். வளர்ந்ததைக் காப்பாற்றுவதுதான் பராமரிப்பின் பங்கு: ஈரப்பசை, பொறுமையாகச் சிக்கெடுப்பது, இழுத்துக் கட்டாத பின்னல். இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் வழுக்கை விழும்.

இந்தச் சிக்கலை அடிச்சி நன்றாக அறிந்திருக்கிறார். கதாநாயகி இஃபெமெலுவின் தாய்க்கு அடர்ந்த நீளக் கூந்தல். தெருவில் போகிறவர்கள், நீங்கள் ஜமைக்காக்காரியா என்று கேட்கிறார்கள். அந்நிய ரத்தம் கலக்காமல் இப்படி வளருமா என்பது அவர்கள் நினைப்பு. இந்த ஒரு சிறு கேள்வியில் ஆசிரியை ஒரு பெரிய அநியாயத்தைக் காட்டிவிடுகிறார். நீளமாக வளர்ந்தால் அது வேறு யாரோ கொடுத்தது. வளராவிட்டால் மட்டும் அது இவர்கள் இனத்தின் குறை!

அதற்காக, கவனித்தால் எவருக்கும் வளரும் என்ற பொய்யையும் அவர் சொல்லவில்லை. தாயின் கூந்தலுக்கு ஏங்கும் மகளுக்கு, வேண்டா வெறுப்பாகத்தான் வளர்கிறது. தாயோ ஒருநாள் பக்தி முற்றி, தன் கூந்தலை வெட்டி எரித்துவிடுகிறாள். அமெரிக்காவில் வேலைக்காக மகள் சுருளை நீக்கும் ரசாயனத்தைத் தடவிக்கொள்கிறாள். தலை புண்ணாகிறது, நெற்றியோரம் கொட்டுகிறது. கடைசியில் ஒட்ட வெட்டிக்கொண்டு, வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு வேலைக்கு லீவு போடுகிறாள். பின்னல் போட்டுக்கொள்ளப் பிரின்ஸ்டனிலிருந்து டிரென்டனுக்கு ரயிலேறுவதில்தான் நாவலே தொடங்குகிறது. அங்கே பின்னி முடிக்க மணிக்கணக்காகிறது. இந்த நாவலில் கூந்தலுக்கு நேரம் ஆகிறது, பணம் ஆகிறது, வலிக்கிறது.

குறை இல்லாமலில்லை. சில இடங்களில் அடிச்சியின் கையில் கூந்தல் கட்சிக்கொடியாகிவிடுகிறது. கதை நின்று பிரசங்கம் தொடங்குகிறது. ஹர்ஸ்டன் ஒருபோதும் பிரசங்கம் செய்வதில்லை. அவருடைய நாவலில் ஓர் இரவு ஜேனி கண் விழிக்கிறாள். டீ கேக் அவள் தலையை வாரி, பொடுகை எடுத்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் காட்சி. மேலே நான் செய்த புகாரில் பாதியை அந்த ஒரு காட்சிக்காக வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவளுடைய கூந்தலை ஒருவன் ரசித்தான், ஒருவன் மறைத்தான். இவன் ஒருவன்தான் சீப்பை எடுத்தான்.

எது பெரிய நாவல் என்று கேட்டால் ஹர்ஸ்டனுடையது என்பேன். எது என்னைத் திருத்தியது என்றால் அடிச்சியுடையது. ரத்தம் கொடுத்தது என்று நாம் வியக்கிற பல அழகுகளில், பெயர் தெரியாத ஒருத்தியின் உழைப்பும் இருக்கிறது. பிறப்பைப் புகழ்ந்துவிட்டால் அவளை மறந்துவிடுவது சுலபம்.

அந்த வாசகிக்கு இதுவே என் பதில். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நாவலின் அடுத்த பதிப்பில் முழங்காலை இடுப்பாக்கிவிட்டேன். விடியற்காலையில் ஒரு பாட்டி சிக்கெடுக்க உட்காருகிறாள்.