'முடியல'வுக்கு எந்தக் கட்டம்?

முதியோரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதற்காக நம் நாட்டில் தொடங்கப்பட்ட பெரிய ஆய்வு 'லாசி'. 2017-18இல் நடந்த முதல் சுற்றில் 45 வயதைத் தொட்டவர்கள், அவர்களின் துணைவர்கள் என 72,000க்கும் மேற்பட்டோரிடம் கேள்வி கேட்டார்கள். 2021இல் அறிக்கை வந்தது. அதன் வினாத்தாளை ஓர் இலக்கியப் பிரதியைப்போல வாசித்தேன். வினைச்சொற்கள் என்னை நிறுத்தின.

சமைப்பதில் சிரமம் உண்டா? கடைக்குப் போவதில்? பணத்தைக் கையாள்வதில்? தெரியாத இடத்துக்கு வழி கண்டுபிடிப்பதில்? இப்படிக் கேட்கும் முறைக்கு மூலம் 1969இல் அமெரிக்காவில் லாட்டனும் பிராடியும் வகுத்த அளவுகோல். அதில் சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல் மூன்றையும் ஆண்களுக்குக் கணக்கில் எடுக்காத வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு எட்டு, ஆணுக்கு ஐந்து! லாசி இருபாலரிடமும் ஒன்றுபோலவே கேட்கிறது, நல்லது. ஆனால் ஐம்பது வருடம் உலை வைத்தவள், முட்டியைப் பிடித்துக்கொண்டே "ஒரு சிரமமும் இல்லம்மா" என்பாள். அவள் 'சிரமம்' என்றால் அன்று அடுப்பு யார் பற்றவைப்பது? வங்கிப் புத்தகத்தைத் தொட்டே அறியாதவள் "பணமெல்லாம் எனக்குத் தெரியாது" என்பாள். அது முதுமையின் தளர்ச்சியா, வாழ்நாள் முழுக்க விடப்படாததா? 'முடியாது', 'விடவில்லை' என்ற இரண்டு வினைகள் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன.

மனத்தை அளக்கப் பத்துக் கேள்விகள். கடந்த வாரத்தில் எதைச் செய்தாலும் பெரும்பாடாக இருந்ததா என்பது அதில் ஒன்று. தண்ணீர்க் குடம் தூக்கி, ரேஷன் வரிசையில் நின்று, பேரப்பிள்ளையையும் இடுப்பில் சுமக்கிறவளுக்கு அது நோய்க்குறியா, நாட்குறிப்பா? நம் அம்மாக்கள் 'முடியல' என்பார்கள். காய்ச்சலுக்கும் அதே சொல், துக்கத்துக்கும் அதே சொல். உடலுக்கு ஒரு பகுதி, மனத்துக்கு இன்னொரு பகுதி என்று பிரித்த தாளில் அதை எங்கே எழுதுவது? தனிமையாக உணர்ந்தீர்களா என்று கேட்கும்போது மருமகள் வாசல்படியில் நின்றால் பதில் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் ஆய்வே வேண்டாம் என்பவளல்ல நான். கைப்பிடி வலுவை அளக்கும் கருவி யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. ஒருத்தியை அவளோடு மட்டுமே ஒப்பிடும் வாய்ப்பும் மீண்டும் மீண்டும் அவளிடமே வரும் ஆய்வில்தான் உண்டு. அங்கேதான் வாசிப்பில் கவனம் வேண்டும். கணவர் இறந்தபின் முதன்முதலாகத் தனியே வங்கிக்குப் போகத் தொடங்கியவள், அடுத்த சுற்றில் 'சிரமமில்லை' என்பாள். அட்டவணையில் அது உடல் தேறியதுபோலத் தெரியும். அவள் விதவையானது வேறொரு பக்கத்தில் இருக்கும். மாணவிகளே, இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள். தரவு ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.