பாணன் தலையிற் பொற்றாமரை

மேலைநாட்டுக் குதிரைப்படைகளில் இசைவாணர்க்குத் தனிச்சிறப்புடைய தலையணி வழங்குதல் நெடுங்கால மரபு. குதிரையின் இருபுறத்தும் முரசமைத்து முழக்குவோன் படைமறவரினும் மிகுதியாக அணிசெய்யப் பெற்றான். இலண்டன் அரண்மனைக் குதிரைப்படையின் இசைவாணர் அரச விழாக்களில் பொன்னிழைச் சட்டையும் வெல்வெட்டுத் தொப்பியும் இன்றும் அணிகின்றனர். தமிழில் இதற்கு நிகராவது யாது? கச்சியைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் இறுதிப் பகுதியில் இசைவாணன், தலையணி, போர்க்குதிரை என்னும் மூன்றும் ஒருங்கே வருகின்றன. அவை அமைந்த முறையை ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளாற் பாடிய இந்நூலின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவன் பாணனின் கந்தையைக் களைந்து வெள்ளிய ஆடை உடுத்துகின்றான், உணவூட்டுகின்றான், வண்டு மொய்த்தற்கியலாத தாமரையை, அதாவது பொற்பூவை, அவன் கருங்குஞ்சியிற் சூட்டுகின்றான். விறலியர்க்கு மாலை அளிக்கின்றான். வெண்குதிரை நான்கு பூட்டிய தேரை நல்குகின்றான். அதனாலும் அமையாது, தோற்ற பகைவர் களத்தில் விட்டோடிய குதிரைகளையும் சேணத்தோடு தருகின்றான்.

இவையெல்லாம் ஆற்றுப்படைக்குரிய வழக்கமான பரிசில்களே என்று கூறிக் கடந்துவிடுவர் சிலர். அக்கூற்று ஒரு பாதியே உண்மை. பொற்றாமரையும் வெண்குதிரைத் தேரும் பொருநராற்றுப்படையிலும் உள்ளன. ஆதலின் அவை மரபு எனலாம். ஆனால் பகைவர் கைவிட்ட குதிரை கரிகாலன் தந்த பரிசில்களுள் இல்லை. மரபு முடிந்த இடத்தில் புலவர் தாமாகச் சேர்த்த பொருள் இது. புலவரின் கருத்தை அறிய வேண்டின் இச்சேர்க்கையையே நாம் நோக்குதல் வேண்டும்.

மேலைநாட்டு இசைவாணனின் தொப்பி அவன் பதவிக்குரியது. பதவி நீங்கின் தொப்பியும் நீங்கும். அவன் குதிரையும் படைக்குரியதே. பாணனோ படையைச் சார்ந்தவன் அல்லன், யாழேந்தி வந்தவன். அவன் சூடிய தாமரை அவனுக்கே உரியது. நேற்றுப் பகைவனைச் சுமந்த குதிரை இன்று பாணன்வழிச் செல்கின்றது. ஆங்கே இசை படையிற் சேரவில்லை. படையின் பொருள் இசைக்கு உரிமையாயிற்று.

இவ்விடத்துப் புறநானூற்றின் 95ஆம் பாட்டை ஒப்பிடுதல் தகும். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல்மனையில் இருக்கும் அவன் படைக்கலங்களைக் காண்கின்றார். அதியமானுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலிற் கிடக்கின்றன என்கின்றார். புகழ்ச்சி போன்ற இவ்விகழ்ச்சியைத் தமிழுலகம் நன்கறியும். பாட்டின் குறிப்புத் தொண்டைமான் என்று மட்டுமே கூறுதலின், அவனை இளந்திரையன் என்று துணிதற்கு இடமில்லை. எனினும் அணி பற்றிய இருவேறு மதிப்பீடுகளை இவ்விரு பாட்டுக்களும் காட்டுகின்றன. வேலின்மேல் ஏறிய அணி வேலின் பயனின்மையைக் காட்டி நகைப்புக்கு இடமாயிற்று. பாணன் தலைமேல் ஏறிய அணி அவன் கலையின் பயனைக் காட்டிப் புகழுக்கு இடமாயிற்று.

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிற் கலியாண மண்டபத் தூண்களில் நாம் காணும் குதிரைவீரர் சிற்பங்கள் விசயநகரக் காலத்தன. அவ்வீரர் கோலத்தைப் பாணன்மேல் ஏற்றி உரைத்தல் கால வழுவாகும். அதனினும் பெரிய பொருள் வழுவும் ஒன்றுண்டு. வீரனின் தலையணி போரை நினைவூட்டுவது, பாணனின் தலையணியோ போர் முடிந்ததை உணர்த்துவது.

1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்தொட்டு இந்நூலை நாம் பயின்று வருகின்றோம். ஐவகை நில வருணனையிலும் கச்சி நகரின் சிறப்பிலும் திளைக்கும் மாணவர், இறுதிப் பரிசிற் பகுதியை விரைந்து கடப்பர். வென்றவன் தன் வெற்றியின் பொருளை எவர் கையில் ஒப்படைக்கின்றான் என்பதை அறிவிக்கும் பகுதி அது. ஆதலின், நூலின் முடிவு மரபின் எச்சம் அன்று, புலவரின் தீர்ப்பு என்பதே நம் துணிபு.