தலைக்கட்டுக் கணக்கில் பெண்ணின் தலை

ஒரு சங்கம் வளர்கிறதா தேய்கிறதா என்பதை அதன் உறுப்பினர் கணக்கைப் பார்த்துத்தான் சொல்கிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், தென்மாவட்டங்கள் பலவற்றிலும்தான், இந்தக் கணக்குக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: தலைக்கட்டு. மணமான ஓர் ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் கொடை, பங்குனிப் பொங்கல், சாவடிக்கு வெள்ளையடிப்பு என்று எது வந்தாலும் 'தலைக்கட்டுக்கு இவ்வளவு' என்றுதான் வரி விதிப்பார்கள். வரி கொடுத்தவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு; பொதுப்பாத்திரத்திலும் கல்யாண மண்டபச் சலுகையிலும் பாத்தியதை உண்டு; இறந்தால் ஊர் கூடித் தூக்கும் உரிமையும் உண்டு.

மணமாகாத இளைஞன் எவ்வளவு சம்பாதித்தாலும் பொதுவாகத் தலைக்கட்டு ஆவதில்லை. தாலி கட்டியதும் அவன் பெயர் நோட்டில் ஏறுகிறது. அதாவது, உறுப்பினர் எண்ணிக்கையில் ஒன்று கூட வேண்டுமானால் வேறொரு வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ ஒரு பெண் புறப்பட்டு வர வேண்டும். அவள் வந்ததால் கூடிய அந்த ஒன்றில் அவள் பெயர் இல்லை. இங்கே பிறந்து வெளியூருக்கு வாழப்போன பெண்ணும் கணக்கில் இல்லை. அவள் போனதால் குறைந்ததாகவும் எவரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அவள் முதலிலேயே எண்ணப்படவில்லை. கணவனை இழந்தவளுக்குச் சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. இதைக் கருணை என்று சொல்வார்கள். வரி இல்லாத இடத்தில் வாக்கும் இல்லை என்பதை அந்தக் கருணை சொல்வதில்லை.

இந்த அமைப்புகளின் பெயரைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தில் நாடார்களின் ஊரமைப்புக்கு உறவின்முறை என்று பெயர். தமிழில் இவ்வளவு விரிந்த பொருள்கொண்ட சொல் ஓர் அமைப்புக்கு வாய்ப்பது அரிது. பங்காளி என்ற சொல்லில் பங்கு இருக்கிறது. பங்கு ஆணுக்கு என்று நெடுங்காலம் இருந்ததால் அது ஆண்சொல்லாகவே நின்றுவிட்டது. உறவு அப்படிப்பட்ட சொல் இல்லை. கொண்டவனும் கொடுத்தவனும், கொள்ளப்பட்டவளும் பெற்றவளும் எல்லோரும் உறவுதான். மேடையில் முழங்கும் 'சகோதரர்களே' என்ற விளியையும் பாருங்கள். சக உதரம் என்று பிரித்தால் ஒரே வயிறு என்று பொருள். சகோதரத்துவத்தின் சான்றுச்சீட்டு ஒரு தாயின் வயிறு. சான்று கொடுத்தவள் மட்டும் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறாள்.

உறவின்முறைகளின் வரலாற்றைச் சிறுமைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்னும் ஆறு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் வேர்பிடித்த வணிகக் குடிகள் பேட்டைகளை அமைத்துக்கொண்டன. வண்டிச் சரக்குக்கும் மூட்டைக்கும் மகமை என்று ஒரு சிறுதொகையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டன. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட 'தமிழகத்து நாடார்கள்' பற்றிய ஆங்கில நூல் இந்த அமைப்பை விரிவாகப் பேசுகிறது. கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சாதி, 1899இல் சிவகாசியில் கொள்ளையும் கொலையும் கண்ட ஒரு சாதி, மகமைப் பணத்தில் கிணறும் சத்திரமும் பள்ளியும் கட்டி எழுந்து நின்றது. 1910இல் பொறையாறு இரத்தினசாமி நாடாரின் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. ஒடுக்கப்பட்டவர்கள் கூடிச் சேர்த்த செல்வம் என்ற வகையில் இது மதிக்கத்தக்க வரலாறு.

அந்த வரலாற்றில் ஒரு பிடி அரிசி இருக்கிறது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, காமராசர் படித்த பள்ளி, பிடி அரிசியால் வளர்ந்தது என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நாள்தோறும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்ததைப் பள்ளிக்காக வாங்கிப்போவார்கள். எடுத்து வைத்த கை யாருடையது? பானையில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடியை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் யார்? எடுத்த நாளில் கடைசியாக உண்டவர் யார்? வணிகன் லாபத்திலிருந்து கொடுத்தான். இவள் பசியிலிருந்து கொடுத்தாள். மகமைக்குக் கணக்குப்பிள்ளை இருந்தார், பேரேடு இருந்தது, அதைத் தணிக்கை செய்யும் கூட்டம் இருந்தது. பிடி அரிசி நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது நெகிழ்ச்சியான ஒரு கதையாகத்தான். ஒரே பள்ளிக்கு இரண்டு வரிகள் போயிருக்கின்றன. ஒன்று உறுப்புரிமையாக மாறியது, மற்றது தாய்மையின் பெருமையாக மாறியது. பெருமையை வைத்துக்கொண்டு எந்தக் கூட்டத்திலும் கையைத் தூக்க முடியாது.

இது ஒரு சாதியின் குறையும் இல்லை. ராஜபாளையத்தில் ராஜுக்களுக்குக் கோட்டைகளும் சாவடிகளும் உண்டு. மற்ற சாதிகளுக்கும் அவரவர் சாவடியோ நாட்டாமையோ சங்கமோ உண்டு. அழைப்பிதழ்களையும் ஆண்டு மலர்களையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் சாதிப்பெயரை மாற்றி அச்சிட்ட ஒரே பிரதிபோல இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் படங்கள் முன்பக்கத்தில். உள்ளே மருத்துவ முகாம், நோட்டுப்புத்தகம் வழங்கல், பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவர்களுக்குப் பரிசு. பரிசு வாங்கும் படங்களில் பெண்பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். நன்றாகப் படிப்பது அவர்கள்தானே. பத்து வருடம் கழித்து வரும் மலரில் அந்தப் பெண்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அவர்களோடு பரிசு வாங்கிய பையன்களில் சிலர் இணைச்செயலாளர் ஆகியிருப்பார்கள். மகளிருக்கு என ஒரு பக்கம் இருக்கும்: கோலப்போட்டி, திருவிளக்குப் பூசை. சங்கம் எதற்காகக் கூடுகிறது என்ற கேள்வியை அந்தப் பக்கம் தொடாது.

இதே ஊர்களில் பெண்களின் கூடுகை இல்லாமலும் இல்லை. பொங்கலுக்கு முளைப்பாரி போடும் பெண்களுக்குத் தவசம் திரட்டுவது, வெளிச்சம் படாத அறையில் பயிரைக் காப்பது, இரவு கும்மிக்கு ஆள் சேர்ப்பது, யார் தலையில் எந்த ஓடு என்று முடிவு செய்வது என்று ஒரு முழு நிர்வாகமே உண்டு. அதற்குத் தலைவி உண்டு, விதி உண்டு, அபராதம்கூட உண்டு. பெயர்ப்பலகை மட்டும் கிடையாது. வகுப்பில் மாணவிகளிடம் உங்கள் ஊரில் பெண்கள் சங்கம் இருக்கிறதா என்று கேட்டால் சுய உதவிக் குழுவைச் சொல்கிறார்கள். முளைப்பாரி வீட்டைச் சொல்வதில்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய அந்தக் குழுக்கள் பெண்ணின் பெயரை முதன்முறையாக ஒரு பதிவேட்டில் ஏற்றின என்பது பெரிய மாற்றம். ஆனாலும் அங்கே அவள் எண்ணப்படுவது சேமிப்பவளாக, கடன் வாங்குபவளாக, தவணை தவறாதவளாக. ஊரின் பொதுச்சொத்தில் பங்குள்ளவளாக அவள் இன்னும் எண்ணப்படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தியின் பிரதியை இந்த இடத்தில் வேறு கண்ணால் வாசிக்கலாம். திருப்பாவையைப் பக்தியாகவும் காதலாகவும் வாசித்துப் பழகிவிட்டோம். முப்பது பாடல்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாடல்களில் என்ன நடக்கிறது? விடியுமுன்னே ஒரு பெண்கூட்டம் வீடுவீடாகப் போய் உள்ளே இருப்பவளை எழுப்பி அழைக்கிறது. உறுப்பினர் சேர்க்கை என்று இதைவிடத் தெளிவாக எதைச் சொல்வது? தூங்குபவளைக் கேலி செய்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், அவள் குடும்பத்தைப் புகழ்கிறார்கள், அவள் தாயிடம் முறையிடுகிறார்கள். ஒருத்தி வரவில்லை என்றாலும் விட்டுவிட்டுப் போவதில்லை. பதினைந்தாம் பாட்டில் உள்ளிருப்பவள் எல்லோரும் வந்தாயிற்றா என்று கேட்கிறாள். வந்து நீயே எண்ணிப் பார்த்துக்கொள் என்று பதில் வருகிறது. பெண்கள் பெண்களைத் தலைக்கு ஒன்றாக எண்ணும் இடம் அது. எந்தக் கணவன் பெயரிலும், எந்தத் தகப்பன் கணக்கிலும் அவர்கள் அங்கே நிற்கவில்லை. நோன்புக்கான விதிகளையும் இரண்டாம் பாட்டில் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். நோன்பு முடிந்ததும் உண்பதும் உடுப்பதும் கூட்டாகவே.

இன்னொன்றும் உண்டு. மரபு ஆண்டாளை அந்தணரான பெரியாழ்வாரின் வளர்ப்புமகள் என்கிறது. பாட்டில் அவள் பேசுவது ஆய்ச்சியின் குரலில். பிறந்த குலமும் தெரியாது. வளர்ந்த குலத்தையும் விட்டு இன்னொரு குலத்துப் பெண்களின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். இன்றைய எந்தச் சாவடியின் விதிப்படியும் அவளுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்காது. மணவாட்டியாக அவளைத் தேரில் ஏற்றி ஆடிப்பூரத்தில் வடம்பிடிக்கும் நம் ஊர்களுக்கு, ஆள் சேர்க்கும் அமைப்பாளராக அவளைத் தெரியாமல் போனது தற்செயலாகத் தோன்றவில்லை.

சகோதர அமைப்பு என்றாலே பெண்ணை வெளியே நிறுத்தத்தான் வேண்டும் என்று எந்த இலக்கணமும் இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின், 1867இல், உழவர்களுக்காக 'கிரேஞ்ச்' என்ற அமைப்பு தோன்றியது. சடங்குகளும் படிநிலைகளும் கொண்ட சகோதர அமைப்புதான் அதுவும். பெண்களையும் முழு உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று நிறுவனர் ஆலிவர் கெல்லியின் உறவுப்பெண் கரோலின் ஹால் வற்புறுத்தினார். அதன்படியே நடந்தது, சில பதவிகள் பெண்களுக்கென்றே வகுக்கப்பட்டன. நகரத்துக் கனவான்களின் சங்கமான ரோட்டரிக்கு, 1905இல் தொடங்கியது அது, உழவனுக்கு வந்த அறிவு வர எண்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. கலிபோர்னியாவில் துவார்த்தே என்ற ஊரின் கிளை பெண்களைச் சேர்த்ததற்காக 1978இல் வெளியேற்றப்பட்டது. 1987இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தக் கிளையின் பக்கம் நின்ற பிறகே கதவு திறந்தது. அதுவரை உறுப்பினர்களின் மனைவிமாருக்கு 1924இல் மான்செஸ்டரில் பிறந்த 'இன்னர் வீல்' இருந்தது. உள்சக்கரம்! நம் மலர்களின் மகளிர் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. வண்டி ஓடும், சக்கரம் சுழலும், திசையை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

அப்படியானால் நாமும் தலைக்கட்டு ஆகிவிடலாமா? பெண்ணுக்கும் ஒரு வரி, பெண்ணுக்கும் ஒரு பேச்சு என்று கேட்டு வாங்கிவிட்டால் போதுமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். சாதி அமைப்பின் வேலி அகமணம் என்றும், அந்த வேலி பெண்ணைக் கட்டுப்படுத்துவதால்தான் நிற்கிறது என்றும் அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கினார். தலைக்கட்டு நோட்டை அந்தக் கண்ணோடு பாருங்கள். எந்தப் பெண் யாரை மணந்தாள் என்பதுதான் அந்த நோட்டின் அடிக்கணக்கு. சாதி மாறி மணந்த மகளின் வீட்டாரிடம் வரி வாங்க மறுப்பதுதான் ஊர்விலக்கின் மிக அமைதியான வடிவம். அடி இல்லை, வசவு இல்லை. பணத்தை நீட்டினால் கை நீளாது, அவ்வளவுதான். வெறும் உறுப்புரிமை கேட்டுப் பெறும் பெண், நாளை இன்னொருத்தியிடமிருந்து வரியை வாங்க மறுக்கும் கையாகவும் ஆகலாம்.

இந்த மண்ணிலேயே வேறு பாதை ஒன்று போடப்பட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நாடார் சமூகத்தின் முன்னணித் தலைவரான டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்தது. இரண்டு வருடம் கழித்து 1931இல் விருதுநகரிலேயே சுயமரியாதை மாநாடு கூடியது. தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது வருடம், காத்திருந்தது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆக இன்று ஒரு பெண் தகப்பன் சொத்துக்குப் பங்குதாரர் ஆகலாம், ஊராட்சித் தலைவராகவும் இருக்கலாம். அதே ஊரின் கோயில் வரி நோட்டில் அவள் ஒரு புள்ளிகூட இல்லை. சட்டம் நுழைந்த வீட்டுக்குள் நோட்டு நுழையவில்லை.

ஆகவே நம் கோரிக்கை உறுப்புரிமைக்கு முன்னால் கணக்கிலிருந்து தொடங்கட்டும். சத்திரப்பட்டித் தறியில் மருத்துவத் துணி நெய்தவளின் உழைப்பிலிருந்தும், சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டியவளின் விரலிலிருந்தும் வந்த வணிகத்தில்தான் பொதுப்பணம் சேர்ந்திருக்கிறது. அது எங்கே, எதற்கு, யார் முடிவில் செலவாகிறது என்று கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அவள் தலைக்கட்டா இல்லையா என்பது அதற்கு முன்நிபந்தனை ஆகக்கூடாது. மண்டபச் சலுகை சாதி மாறி மணந்த மகளுக்கு உண்டா, கணவனை இழந்தவளுக்கு அவள் பெயரிலேயே உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய அமைப்பு உறவின்முறை என்ற தன் பெயருக்குத் தகுதியானதாகிவிடும். அப்போது அது சாதிச்சங்கமாகவும் இருக்காது. இல்லை என்று சொல்லும் அமைப்பில் பொறுப்பு வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்காருவதைவிட, விடியுமுன்னே வீடுவீடாகப் போய்க் கதவு தட்டுவது நமக்குப் பழக்கமான வேலை.