சொல்லற்ற இசை சொன்னது என்ன?

இளமையில் கேட்ட இசையை நினைவுகூர்வது எளிது. அதனை நேர்மையோடு மதிப்பிடுவது அரிது. அன்பு கொண்ட செவிக்குக் குறைகள் எளிதில் கேட்பதில்லை. 1960ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் எழுந்து, ஒருசில ஆண்டுகள் கோலோச்சிய கிட்டார் இசைக்குழுக்களைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்வன்பின் வயப்பட்டவர்களே. எனக்கு இவ்விசை நேரடி நினைவன்று. குருமடத்தில் பயின்ற நாள்களில் மூத்த குரு ஒருவர் பேணி வைத்திருந்த ஒலிநாடாவின் வழியே அது அறிமுகமாயிற்று. அவருக்கு அது தம் இளமை. எனக்கோ கடன் வாங்கிய நினைவு. எனவே, அவரோடு அன்றே பேசியிருக்க வேண்டிய ஒரு கேள்வியை இங்கே எழுப்புகிறேன். சொல்லே இல்லாத இவ்விசை நமக்கு ஏதேனும் சொல்கிறதா? அல்லது செவிக்கு இன்பம் தந்துவிட்டு மறைகிறதா?

இக்குழுக்களுள் தலையாயது ‘தி ஷேடோஸ்’. ஹாங்க் மார்வின் முன்னணிக் கிட்டாரும், புரூஸ் வெல்ச் தாளக் கிட்டாரும், ஜெட் ஹாரிஸ் பாஸ் கிட்டாரும், டோனி மீஹன் டிரம்மும் இசைத்தனர். நம் நாட்டின் லக்னோவில் 1940இல் பிறந்த பாடகர் கிளிஃப் ரிச்சர்டுக்குப் பின்னணி இசைப்பதே இவர்கள் பணி. முதலில் ‘டிரிஃப்டர்ஸ்’ என்று அழைக்கப்பட்டனர். அதே பெயரில் அமெரிக்கக் குழு ஒன்று இருந்ததால் 1959இல் பெயரை மாற்ற நேர்ந்தது. ‘நிழல்கள்’ எனப் பொருள்படும் புதிய பெயரை ஹாரிஸ் முன்மொழிந்தார். ஒருவருக்குப் பின்னால் நிற்பதையே தம் அடையாளமாக ஏற்றுக்கொண்ட பெயர் அது.

அந்நிழல்கள் முன்னே வந்தது 1960இல். ஜெரி லார்டன் இயற்றிய ‘அப்பாச்சி’ என்னும் இசைத்துணுக்கு அவ்வாண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்று, 5 வாரங்கள் அங்கேயே நிலைத்தது. அது முதலிடத்திலிருந்து இறக்கியது கிளிஃப் ரிச்சர்டின் பாடலையே. அப்பாடலுக்குப் பின்னணி இசைத்தவர்களும் இவர்களே! ஆயினும் ‘அப்பாச்சி’ ஒலிப்பதிவின்போது சீன முரசு ஒன்றைக் கொட்டி உடனிருந்தவர் அதே கிளிஃப் ரிச்சர்ட்தான். முன்னே நின்றவர் பின்னே நிற்கவும் முன்வந்த அந்நிகழ்வு, இசைக்கு அப்பாலும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதே மெட்டை இவர்களுக்கு முன்னரே பெர்ட் வீடன் என்ற தேர்ந்த கிட்டார் கலைஞர் பதிவு செய்திருந்தார். எனினும் உலகம் நினைவில் கொண்டது ஷேடோஸ் இசைத்ததையே. காரணம் என்ன? மார்வின் கையிலிருந்தது கிளிஃப் ரிச்சர்ட் 1959இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தந்த ‘ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்’. அதனோடு இணைந்தது, மீட்டிய ஒலியைப் பதித்து, நொடிப்பொழுது தாழ்த்தித் திரும்ப ஒலிக்கச் செய்யும் இத்தாலிய எதிரொலிக் கருவி. ஆனால் கருவி மட்டுமே கலையாகிவிடாது. மார்வின் விரைவாக மீட்டித் தம் திறனைக் காட்ட முயலவில்லை. ஒரு சுரத்தைத் தனியே ஒலிக்க விட்டு, கிட்டாரில் பொருத்திய நெம்புகோலால் அதனை மெல்ல அசைத்து, அது தேயும் வரை பொறுத்திருந்தார். நம் இசையில் கமகம் செய்யும் பணியை அந்த அசைவு அங்கே செய்கிறது. குரலே இல்லாத இடத்தில் ஒரு குரல் பிறக்கிறது.

அக்குரல் தனித்து நிற்கவும் இல்லை. வெல்ச்சின் தாளக் கிட்டாரைப் பலரும் கவனிப்பதில்லை; அது தன்னைக் கவனிக்கும்படி கேட்பதும் இல்லை. அதனை நீக்கிப் பார்த்தால் மார்வினின் மெட்டு காற்றில் தொங்கும். தன்னைக் குறைத்துப் பிறரை வளரச் செய்யும் அருள்வாழ்வின் இலக்கணத்தைத் திருமுழுக்கு யோவானிடம் கற்ற நமக்கு, இந்நால்வரின் ஒழுங்கு அயலானதன்று.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். ‘அப்பாச்சி’ என்பது அமெரிக்கத் தொல்குடி ஒன்றின் பெயர். லார்டனுக்கு உந்துதல் தந்ததோ, 1954இல் வெளிவந்த அதே பெயருடைய திரைப்படம். அம்மக்களின் இசையோ துயரமோ இதில் இல்லை; வெள்ளித்திரை வரைந்த ஒரு தொலைநிலமே உண்டு. ஒரு மக்களின் பெயரை எடுத்துக்கொண்டு அவர்களைப் பேசவிடாத கலையை ஐயத்தோடுதான் நோக்க வேண்டும். சொல்லற்ற இசைக்கு இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. அது எதையும் சொல்லாததால் எதற்கும் பொறுப்பேற்பதில்லை.

மற்றொரு குறை, வெற்றியே வாய்பாடாகிவிட்டது. 1962இல் ‘ஒண்டர்ஃபுல் லேண்ட்’ 8 வாரங்கள் முதலிடம் வகித்தது. தயாரிப்பாளர் நாரி பாரமோர் அதில் வயலின்களையும் கொம்பிசையையும் சேர்த்தார். மெட்டு அழகியதுதான், ஆனால் ‘அப்பாச்சி’யில் மௌனம் நின்ற இடத்தை இங்கே அலங்காரம் நிரப்பிவிடுகிறது. அதே ஆண்டில் ஜோ மீக் லண்டன் ஹாலோவே சாலையிலிருந்த தம் குடியிருப்பில் உருவாக்கி, ‘டோர்னடோஸ்’ குழு இசைத்த ‘டெல்ஸ்டார்’, ஜூலை 10ஆம் நாள் விண்ணேறிய செய்மதியின் பெயரைத் தாங்கி அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. ஆங்கே மெட்டை ஏந்தியது கிட்டாரன்று, மின்விசைப்பலகை. விண்வெளியை வியந்த ஒரு காலத்தின் மூச்சை அது உண்மையாகவே பதிவு செய்தது. ஆனால் 1963இல் பீட்டில்ஸ் சொல்லோடும் குரலோடும் வந்தபோது, சொல்லற்ற குழுக்களின் பொழுது சாயத் தொடங்கிற்று. தன்னைப் பற்றிப் பேச விழைந்த ஒரு தலைமுறைக்கு மெட்டு மட்டும் போதவில்லை.

அப்படியாயின் இவ்விசை வெறும் இன்பந்தானா? புனித அகுஸ்தீனாரிடம் இரு பதில்கள் உள்ளன. பாடலின் பொருளைவிட அதன் இனிமை தம்மை ஈர்ப்பதைத் தம் ‘அறிக்கை’களில் அவர் பாவமென அஞ்சுகிறார். ஆனால் திருப்பாடல் விளக்கவுரையிலோ, அறுவடை செய்வோர் மகிழ்ச்சி மிகும்போது சொற்களைக் கைவிட்டு வெறும் ஒலியால் ஆர்ப்பரிப்பதைச் சுட்டி, சொல்லில் அடங்காத இறைவனுக்கு அதுவே தகும் என்கிறார். முன்னது எச்சரிக்கை, பின்னது உரிமை. இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

ஷேடோஸின் இசை இறைவேண்டல் அன்று; அவ்வாறு அது உரிமை கோரவும் இல்லை. ஆனால் ஒரு சுரம் தேய்ந்து முடியும் வரை பொறுக்கும் பண்பை அது கற்பிக்கிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தகுதியுள்ள பிற இசைக்கருவிகளுக்கும் வழி திறந்தபின், கிட்டார் நம் ஆலயங்களுக்குள்ளும் வந்தது. எதிரொலியும் மின்னொலியும் கூடவே வந்தன. அப்பொறுமை மட்டும் வாயிற்படியிலேயே நின்றுவிட்டதோ என அஞ்சுகிறேன். நற்கருணை உட்கொண்டபின் வரும் அமைதியைக்கூட நம் இசைக்குழுக்கள் நிரப்பிவிடுகின்றன.

ஒலிநாடா வைத்திருந்த அந்தக் குரு, ‘அப்பாச்சி’ முடிந்தபின் கருவியை உடனே நிறுத்தமாட்டார். நாடா ஓசையின்றிச் சற்று நேரம் ஓடும். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அது கடந்துபோன இளமைக்கான ஏக்கம் என்று அன்று நினைத்தேன். இசை எதன் நிழலோ அதற்காகவே அவர் காத்திருந்தார் என்று இன்று நினைக்கிறேன்.