கையிலிருந்த வழிக்குறிப்பு

விசுவாசியை வீழ்த்துவது பகைவனின் வாளா, இனியவனின் வாய்ச்சொல்லா? ஆங்கிலப் போதகர் ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' என்னும் உருவகக் கதையைப் படிக்கையில் நம்முள் எழும் வினா இது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இதனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-இல் வெளியிட்டமையால், இக்கதை தமிழருக்கு அந்நியமானதன்று.

கத்தோலிக்கராகிய நாம் இந்நூலில் இடறும் இடம் ஒன்றுண்டு. திருத்தந்தையை, குகை வாயிலில் அமர்ந்து நகம் கடிக்கும் கிழட்டு அரக்கனாக ஆசிரியர் தீட்டுகிறார். சமயப் பூசல் மிகுந்த காலத்தின் கசப்பு அது. அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அதன்பொருட்டு நூலையே மூடிவிட்டால் இழப்பு நமக்கே.

கதைத் தலைவன் கிறிஸ்தியான், அப்பொல்லியோன் என்னும் கொடியவனோடு வாளேந்திப் பொருது வென்றவன். மாயச் சந்தையின் கொடுமையையும் ஐயக் கோட்டையின் சிறையையும் கடந்தவன். வானக நகரை நெருங்கும் வேளையில் அவனும் அவன் தோழனும் இரு வழிகள் பிரியுமிடத்தில் தயங்கி நிற்கின்றனர். இரண்டும் நேர்வழிகளாகவே தோன்றுகின்றன. ஒளிரும் ஆடை அணிந்த ஒருவன் வந்து, தானும் அந்நகருக்கே செல்வதாகக் கூறி அழைக்கிறான். வழி சிறிது சிறிதாக வளைகிறது. நகருக்கு முதுகு காட்டி நடக்கும் நிலை வந்தும் அவர்கள் பின்தொடர்கின்றனர். முடிவில் வலை! அவன் தோளிலிருந்து ஆடை நழுவியபோதுதான் அவன் முகத்துதிக்காரன் என்பது விளங்குகிறது.

இக்காட்சியின் நுட்பம் வலையில் இல்லை. மேய்ப்பர்கள் முன்னரே அவர்களிடம் வழிக்குறிப்பு ஒன்றைக் கொடுத்திருந்தனர். அது கையில் இருந்தது, படிக்கத்தான் மறந்தனர். திருத்தந்தையை எள்ளிய ஆசிரியரே, வழிக்குறிப்பை மேய்ப்பர்களின் கையிலிருந்து பெறச் செய்திருப்பது நம் சிந்தனைக்குரியது. இறைவார்த்தையும் மேய்ப்பரின் போதனையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியா என்பதன்றோ நம் திருச்சபையின் படிப்பினை?

சாத்தானும் ஒளியின் தூதனாக வேடமிடுவான் எனப் புனித பவுல் கொரிந்தியரை எச்சரித்தார். இன்று அவ்வேடம் எது? விசுவசித்தால் செல்வம் பெருகும், நோய் அணுகாது என்னும் இனிய போதனை நம் இல்லங்களின் வாயில்வரை வருகிறது. அதில் இயேசுவின் பெயர் உண்டு, செபம் உண்டு, சிலுவை மட்டும் இல்லை. நோயுற்ற ஒருவர் குணமடையாவிடில், அவரது விசுவாசமே குறையுள்ளதெனப் பழிக்கவும் அது துணிகிறது. நற்செய்தியை நாள்தோறும் படிப்பவர் அவ்வளைவை உடனே கண்டுகொள்வார். படியாதவரோ நகர் நோக்கியே நடப்பதாக எண்ணிக்கொண்டிருப்பார்.

விசுவாசிகள் அனைவரும் மறைநூலை அடிக்கடி வாசிக்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வற்புறுத்தியது. நம் இல்லங்களில் திருவிவிலியம் உண்டு. திருவுருவப் படத்தருகே மரியாதையுடன் வைத்திருக்கிறோம். அதனை இன்று மாலை திறந்தோமா? வலையில் விழுந்தபின் அழுவதினும், வழி பிரியுமிடத்தில் நின்று படிப்பதே நமக்கு நலம்.