படப்புள்ளிகளை எண்ணினால் போதுமா?

“சார், பதினான்கு பெரிதா, நாற்பத்தைந்து பெரிதா?” என்று கேட்டார் என் மாணவர் ஒருவர். அவர் இளநிலை இயற்பியல் இறுதியாண்டில் பயில்பவர். விடுமுறை நாட்களில் திருமண ஒளிப்படக்காரர் ஒருவருக்கு உதவியாளராகச் செல்பவர். சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணியிருந்தார். தாயாரின் நகையை அடகு வைத்து உயர்ந்த கருவி ஒன்றை வாங்குவதா, அல்லது பழைய சிறு கருவியே போதும் என்று சிலர் கூறுவதை நம்புவதா என்பதே அவருடைய உண்மையான கேள்வி. பதினான்கும் நாற்பத்தைந்தும் மெகாபிக்சல் கணக்கு.

இக்கேள்விக்கு இரண்டு ஆயத்த விடைகள் வழங்கி வருகின்றன. ஒன்று விளம்பரங்களின் விடை: புள்ளி மிகுந்தால் படம் சிறக்கும். மற்றொன்று அண்மைக் காலத்தில் பழைய சிறு கருவிகளைத் தேடி வாங்கும் இளைஞர்களின் விடை: பழைய சி.சி.டி. கருவிகளின் வண்ணமே இயற்கையானது. புதியவை வெறும் ஆடம்பரம். இரண்டுமே அரைகுறையானவை என்பது என் கருத்து. ஏன் என்பதை இரண்டு குறிப்பிட்ட கருவிகளை வைத்துக் காண்போம்.

இரு கருவிகள்

முதலாவது, கேனான் பவர்ஷாட் ஜி10. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 14.7 மெகாபிக்சல், எடை ஏறத்தாழ 350 கிராம், சட்டைப்பையைச் சற்று இழுக்கும் அளவு. எங்கள் துறை ஆய்வகத்தில் இன்றும் இயங்குகிறது.

இரண்டாவது, நிக்கான் இசட்9. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 45.7 மெகாபிக்சல், வில்லை இல்லாமலே, மின்கலத்துடன் 1340 கிராம். இந்தியாவில் அறிமுகமானபோது உடலின் விலை மட்டுமே நான்கு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. நண்பர் ஒருவரிடம் இரு நாட்களுக்கு இரவல் பெற்றேன்.

இசட்9 மிர்ரர்லெஸ் வகையைச் சேர்ந்தது. அதாவது ஆடியில்லாக் கருவி. முந்தைய தொழில்முறைக் கருவிகளில் வில்லை வழியே வரும் ஒளியைச் சாய்வான ஓர் ஆடி மேல்நோக்கித் திருப்பிக் கண்ணுக்குக் காட்டும்; படம் எடுக்கும் நொடியில் ஆடி மேலெழுந்து வழிவிடும். ஆடியை நீக்கி, ஒளியுணரி காண்பதையே சிறு திரையில் காட்டினால் அது ஆடியில்லாக் கருவி. ஜி10 வெளிவந்த அதே மாதத்தில்தான் பானசானிக் நிறுவனம் வில்லை மாற்றத்தக்க இவ்வகைக் கருவியான ஜி1-ஐ அறிவித்தது. சிறு கருவியிலும் அத்தகைய ஆடி கிடையாது! ஆகவே வேற்றுமையை ஆடியில் தேடிப் பயனில்லை. ஒளியுணரியிலும் துளையிலும்தான் தேட வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஜி10-இன் ஒளியுணரி ஏறத்தாழ 7.5 மி.மீ. நீளமும் 5.6 மி.மீ. அகலமும் கொண்டது, பரப்பு 42 சதுர மி.மீ. இசட்9-இன் ஒளியுணரி 35.9 மி.மீ. நீளம், 23.9 மி.மீ. அகலம், பரப்பு 858 சதுர மி.மீ. பரப்பில் ஏறத்தாழ இருபது மடங்கு. ஆனால் படப்புள்ளிகளின் எண்ணிக்கை மூன்று மடங்கு மட்டுமே. நுண்விவரத்தைத் தீர்மானிப்பது ஒரு பக்கத்தில் அடங்கும் புள்ளிகள் என்பதால், √3 அளவுக்கே, அதாவது 1.7 மடங்கு சற்று மிகுதியாகவே, ஆதாயம் உண்டு. மூன்று என்ற எண் விளம்பரத்தில் பெரிதாகத் தெரிகிறது. இருபது என்ற எண்ணை யாரும் பேசுவதில்லை.

இருபது ஏன் முக்கியம்? ஒளி துகள்களாக வருகிறது. கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல, ஃபோட்டான்கள் ஒழுங்கின்றியே வந்து சேர்கின்றன. சராசரியாக 100 ஃபோட்டான் வரும் இடத்தில் ஏற்ற இறக்கம் √100, அதாவது 10. இது பத்து விழுக்காடு. 10,000 வரும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100. இது ஒரு விழுக்காடே. இருண்ட படங்களில் மணல் தூவியதுபோல் தோன்றும் இரைச்சலின் பெரும்பகுதி இதுவே. அது கருவியின் குறையன்று, ஒளியின் இயல்பு. ஒரே எஃப்-எண்ணிலும் ஒரே ஷட்டர் நேரத்திலும் இருபது மடங்கு பரப்பு இருபது மடங்கு ஒளியைப் பெறும். எனவே முழுப் படத்தில் குறிப்புக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் √20, அதாவது ஏறத்தாழ 4.5 மடங்கு உயரும்.

அடுத்து விளிம்பு விளைவு. எவ்வளவு சிறந்த வில்லையும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்காது. ஒரு சிறு வட்டத்தட்டாகவே குவிக்கும். அதன் விட்டம் 2.44 × அலைநீளம் × எஃப்-எண். 0.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு, எஃப்/2.8-இல் இது 3.8 மைக்ரோமீட்டர், எஃப்/8-இல் 10.7 மைக்ரோமீட்டர். ஜி10-இன் படப்புள்ளி 1.7 மைக்ரோமீட்டர் அளவே. ஆகவே துளை முழுதும் திறந்திருக்கும்போதே வட்டத்தட்டு இரண்டு புள்ளிகளுக்கு மேல் பரவுகிறது. எஃப்/8-இல் ஆறு புள்ளிகளை மூடுகிறது. இந்நிலையில் புள்ளிகளை மேலும் நெருக்கி அடுக்குவதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது. இதை நிறுவனமே ஒருவகையில் ஒப்புக்கொண்டது எனலாம். 2009-இல் வந்த ஜி11 கருவியில் புள்ளிகளை 10 மெகாபிக்சலாகக் குறைத்துவிட்டது!

நண்பகல் சோதனை

கணக்கு பெரிய கருவியின் பக்கம் சாய்கிறது. கண் என்ன சொல்கிறது? இசட்9-இல் 28 மி.மீ., எஃப்/2.8 வில்லையைப் பொருத்தினேன். ஜி10-இன் அகலக் கோணமும் அதற்கு ஈடானதே. நல்ல வெயிலில், இரண்டையும் முக்காலியில் நிறுத்தி, கல்லூரியின் முகப்பைப் படமெடுத்தேன். நீள அகல விகிதம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே வடிவில் வெட்டி, ஏ4 தாளில் அச்சிட்டு, பெயர் குறிக்காமல் வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். பெரும்பாலோர் தயங்கினர். சரியாகச் சொன்னவர்களாலும் காரணம் கூற இயலவில்லை.

இது புதிய செய்தியன்று. கனடாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் 2008-ஆம் ஆண்டிலேயே இதே ஜி10-ஐ, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள 39 மெகாபிக்சல் ஹாசல்பிளாட் கருவியமைப்புடன் ஒப்பிட்டார். 13 × 19 அங்குல அச்சுகளைத் தேர்ந்த கண்களுக்குக் காட்டியும், எது எதுவென்று அவர்களால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை.

இதற்கும் காரணம் இயற்பியலே. நம் கண் பிரித்தறியும் மிகச் சிறு கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 50 செ.மீ. தொலைவில் அது 0.145 மி.மீ.; அதாவது அங்குலத்திற்கு 175 புள்ளிகள். ஜி10-இன் 4416 புள்ளிகளை 19 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்திற்கு 232 புள்ளிகள் கிடைக்கின்றன. கண்ணின் தேவை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. மிகுதிப் புள்ளிகளைக் காண்பதற்கு ஆளில்லை. ஏ4 தாளுக்கு 300 புள்ளிக் கணக்கில் 8.7 மெகாபிக்சல் போதும். வழக்கமான முழு எச்.டி. திரைக்கு இரண்டே மெகாபிக்சல்.

இதுவரை படித்தவர்கள் சிறு கருவியே வென்றது என்று எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். என் மாணவரிடம் “இதுவே போதும்” என்று ஏறக்குறைய சொல்லியும்விட்டேன். நல்ல வேளையாக மாலை வந்தது.

மாலைச் சோதனை

விளக்கேற்றும் வேளையில், தாழ்வாரத்தில் ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க முயன்றேன். ஜி10 மங்கிய ஒளியில் குவியத்தைத் தேடி முன்னும் பின்னும் அசைந்தது. படத்தின் கூர்மை கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துப் பார்த்தே அது குவியம் காண்கிறது. இருட்டில் தடவி நடப்பவர் போல. அது முடிவதற்குள் குழந்தை தூணைத் தாண்டிவிட்டது. கிடைத்த படங்களிலோ முகமெங்கும் மணல். நொடிக்கு 1.3 படங்கள் என்பதே அதன் வேகம்.

இசட்9-இன் ஒளியுணரியிலேயே, வில்லையின் இரு பாதிகள் வழியே வரும் ஒளியைத் தனித்தனியே ஒப்பிடும் உறுப்புகள் உள்ளன. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதை அவை நேரடியாகச் சொல்லிவிடுகின்றன. ஒளியுணரித் தகட்டின் அடியிலேயே நினைவகம் அடுக்கப்பட்டிருப்பதால், நொடிக்கு இருபது முழு அளவு ரா படங்களை அது பதிகிறது. அசையும் ஷட்டர் திரை அதில் அறவே இல்லை. குழந்தையின் கண் தெளிவாக இருந்தது. அச்சிடவே தேவையில்லை, கருவியின் சிறு திரையிலேயே வேறுபாடு விளங்கியது.

நண்பகலில் ஒன்றாகத் தெரிந்தவை மாலையில் ஏன் பிரிந்தன? வெயிலில் ஃபோட்டான்களுக்குப் பஞ்சமில்லை. சிறு பாத்திரமும் நிரம்பிவிடும். மழை குறைந்த நாளில்தான் பாத்திரத்தின் வாய் அகலம் தெரியும்.

துளையே அடிப்படை

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். “பெரிய ஒளியுணரி எப்போதும் மிகுந்த ஒளி பெறும்” என்று நானும் வகுப்பில் கூறி வந்தேன். அது முழு உண்மையன்று. உண்மையில் ஒளியை உள்ளே விடுவது துளையின் விட்டம். அது குவியத் தொலைவை எஃப்-எண்ணால் வகுக்கக் கிடைப்பது. ஜி10-இல் 6.1 மி.மீ. ÷ 2.8 = 2.2 மி.மீ. இசட்9-இல் 28 ÷ 2.8 = 10 மி.மீ. இவற்றின் இருமடி விகிதமும் ஏறத்தாழ இருபதே. முன்பு பரப்பில் கண்ட அதே எண்!

இப்போது ஒரு பாறை மாதிரியையோ பூச்சியையோ முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகப் படமெடுக்க வேண்டும் என்று கொள்வோம். அகலத் துளையில் முன்பின் தெளிவு குறையும். எனவே இசட்9-இன் துளையை எஃப்/13 வரை சுருக்கினால்தான் ஜி10 எஃப்/2.8-இல் தரும் தெளிவாழம் கிடைக்கும். அப்போது துளையின் விட்டம் 28 ÷ 13 = 2.2 மி.மீ. இரு கருவிகளுக்கும் ஒரே துளை, ஒரே ஒளி, படத்தளவில் ஒரே விளிம்பு விளைவு! ஷட்டர் நேரமும் சமமாக இருந்தால், இருபது மடங்கு ஆதாயம் மறைந்துவிடுகிறது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒளியுணரித் தொழில் அடைந்த முன்னேற்றம் மட்டுமே மிஞ்சும். முக்காலியும் அசையாப் பொருளும் இருந்தால் நேரத்தை நீட்டி ஆதாயத்தை மீட்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆக, பெரிய கருவி விற்பது புள்ளிகளையன்று. துளையை அகலத் திறக்கும் உரிமையையும், கண நேரத்தைத் தவறவிடாத வேகத்தையுமே விற்கிறது. அவை தேவைப்படாதவருக்கு அது வீண் செலவு. தேவைப்படுபவருக்கு வேறு வழியில்லை.

வண்ணம் பற்றிய மயக்கம்

பழைய கருவிகளின் அன்பர்களுக்கும் ஒரு சொல். 1969-இல் பெல் ஆய்வகத்தில் போயில், ஸ்மித் இருவரும் உருவாக்கிய சி.சி.டி.க்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அதுவும் இன்றைய சீமாஸ் உணரியும் சிலிக்கான்தான். தீயணைக்கக் குடங்களைக் கைமாற்றுவதுபோல் மின்னூட்டத்தை வரிசையாகக் கடத்திப் படிப்பது சி.சி.டி.; ஒவ்வொரு புள்ளியிலும் தனிப் பெருக்கி வைத்துப் படிப்பது சீமாஸ். சிலிக்கானுக்கு வண்ணம் தெரியாது. கோடாக் நிறுவனத்தின் பிரைசு பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, அதன்மேல் பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலமாக வடிகட்டிகள் பதிக்கப்படுகின்றன. வண்ணத்தைத் தருவது அவ்வடிகட்டிகளின் சாயமும், நிறுவனத்தின் கணக்கீட்டு முறையும்தான். ஜி10-இன் வண்ணம் எனக்கும் பிடிக்கும்; ஆனால் அதைச் சி.சி.டி.யின் மாயம் என்று சொல்ல இயற்பியல் இடந்தரவில்லை.

தீர்ப்பு

பாடநூற் பக்கங்கள், இலை மாதிரிகள், ஆய்வக அமைப்புகள், பகலில் நின்ற காட்சிகள் ஆகியவற்றுக்கு ஜி10 இன்றும் போதும். தவறவிட்டால் திரும்பாத கணங்களுக்கு அது போதாது.

திருமணத்தில் தாலி கட்டும் கணம் ஒரு முறைதான் வரும். பெரும்பாலும் மங்கிய மண்டபத்தில், சுற்றிலும் ஆட்கள் நெருக்கும் நேரத்தில் வரும். எனவே என் மாணவரிடம் சிறு கருவியை நம்பித் தொழிலில் இறங்க வேண்டாம் என்றேன். அதேபோல் நான்கு இலட்சத்துக்காக நகையை அடகு வைக்கவும் வேண்டாம் என்றேன். நடுத்தர ஆடியில்லாக் கருவிகளில் காணும் ஏ.பி.எஸ்.-சி ஒளியுணரியே ஜி10-ஐப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பரப்புடையது. அதில் 50 மி.மீ., எஃப்/1.8 வில்லை ஒன்றைப் பொருத்தினால் துளை 28 மி.மீ. திறக்கும். பயன்படுத்திய கருவியாக இருந்தாலும் குறையில்லை. பணத்தை முதலில் வில்லைக்குச் செலவிடுக.

கடைக்குச் செல்லும் மற்றவர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். “எத்தனை மெகாபிக்சல்?” என்று கேட்பதற்கு முன், “நான் எந்த ஒளியில், எதைப் படமெடுக்கப் போகிறேன்? அது எனக்காகக் காத்திருக்குமா?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் என்றால் பையிலுள்ள பணம் பையிலேயே இருக்கட்டும்.