பண்பாட்டு வினாவும் பாதுகாப்பு விடையும்: ‘விஸ்வரூபம்’ தடையின் சொல்லாடல்

முன்னுரை

2011 பிப்ரவரி 5 அன்று மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரூன், அரசு பேணிவந்த பன்முகப் பண்பாட்டுக் கொள்கை தோற்றுவிட்டது என்னும் பொருள்பட உரையாற்றினார். அவ்வுரை நிகழ்த்தப்பெற்ற அவை கருதத்தக்கது. பல சமயத்தார் ஒருங்கே வாழ்தல் பற்றிய வினா, நாடுகளின் பாதுகாப்பை ஆராயும் மேடையில் எழுப்பப்பட்டது. பண்பாட்டு வினாவுக்குப் பாதுகாப்பு மொழியில் விடை காணும் இப்போக்கு தமிழ்நாட்டிலும் செயற்பட்டமையை, 2013இல் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ திரைப்படத்துக்கு விதிக்கப்பட்ட தடைவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

படத்தின் இருமை

அமெரிக்க அரசியல் பேச்சு இஸ்லாமியரை ‘நல்லவர்’, ‘கெட்டவர்’ எனப் பகுப்பதை மகமூத் மம்தானி 2004இல் வெளிவந்த தம் நூலில் விமர்சித்தார். ‘விஸ்வரூபம்’ அப்பகுப்பைப் பின்பற்றுகிறது. தீவிரவாதி ஓமருக்கு எதிர்நிலையில் நிற்கும் நாயகன் விசாம் இஸ்லாமியரே. ஆயினும் அவர் இந்திய உளவுத்துறை அலுவலர். நன்மைக்குச் சான்று அரசுப் பாதுகாப்புப் பணியாக அமைகிறது. சேலத்து வெள்ளிப் பட்டறையிலோ நாமக்கல் லாரிப் பட்டறையிலோ உழைக்கும் இஸ்லாமியருக்கு இவ்விருமையில் இடமில்லை.

தடையின் மொழி

குர்ஆனையும் தொழுகையையும் வன்முறையோடு இணைத்துக் காட்டுவதாக இஸ்லாமிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அடிப்படையில் இது சித்திரிப்புப் பற்றிய விமர்சனம். எனினும் சில அமைப்புகள் தடையையே கோரின. அரசின் விடை சட்டம் ஒழுங்கின் மொழியில் வந்தது. சேலம், நாமக்கல் உட்பட மாவட்டங்கள்தோறும் 144ஆம் பிரிவின்கீழ் 15 நாள் தடை விதிக்கப்பட்டது. 500க்கும் மேற்பட்ட திரையரங்குகளுக்கும் காவல் வழங்க இயலாது என முதலமைச்சர் ஜெயலலிதா விளக்கினார். 1998 கோவைக் குண்டுவெடிப்புகளின் நினைவுள்ள மாநிலத்தில் அரசின் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆயினும் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படவழக்கில், வன்முறை அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது என உச்சநீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருந்தது.

இதன் விளைவு முரணானது. தம்மை அச்சத்துக்குரியோராகக் காட்டுவதை எதிர்த்தவர்கள், தடை ஆணையின் தருக்கத்தில் அச்சத்துக்குரியோராகவே இடம்பெற்றனர். படம் வரைந்த உருவத்தை ஆணை உறுதிசெய்தது. 7 இடங்களில் மாற்றம் செய்யும் உடன்பாட்டுக்குப் பின் பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. ‘நல்லவர் – கெட்டவர்’ இருமையோ மாற்றமின்றித் தொடர்ந்தது.

முடிவுரை

மியூனிக் உரை இஸ்லாமியரின் பண்பாட்டைப் பாதுகாப்புச் சிக்கலாக்கியது. தமிழ்நாட்டுத் தடை அவர்தம் விமர்சனத்தை அவ்வாறாக்கியது. தடையைக் கருத்துரிமைச் சிக்கலாக மட்டும் அணுகும் ஆய்வு இதைக் காணத் தவறும். காவலர் எண்ணிக்கையால் முடித்துவைக்கப்பட்ட அவ்விவாதத்தை, சித்திரிப்பு அரசியலின் தளத்துக்கு மீட்பது தமிழ்த் திரையாய்வின் கடமையாகும்.